பூ என்றால் பூ மட்டும்தானா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் பூவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கல்லூரியில் நான் வாயடைத்து நின்றதே ஒரு பூவின் முன்னால்தான்.

நான் கொல்லிமலைக்காரன். செம்மேட்டுப் பக்கம் எங்கள் ஊர். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கி இங்கே வந்து சேர்ந்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழிப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் வைவா. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு செங்கல்லைக் காட்டி, "எஃப்ளோரசன்ஸ் என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தச் சொல்லைப் புத்தகத்தில் பார்த்த ஞாபகம் இருந்தது. நாக்குதான் எழவில்லை. "பரவாயில்லை, போங்க" என்றார். அன்று ராத்திரி முழுக்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போயிடலாமா என்று யோசித்தபடி படுத்திருந்தேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சுவரைச் சரி பண்ண ஒரு மேஸ்திரி வந்திருந்தார். சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருந்ததை விரலால் தேய்த்துவிட்டு அப்பாவிடம், "தண்ணி ஏறி உப்புப் பூத்திருக்குங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்வாளர் கேட்டது இதைத்தானே! செங்கல்லிலும் சாந்திலும் இருக்கிற உப்பு ஈரத்தில் கரைந்து, சுவரின் மேல்பரப்புக்கு வந்து, நீர் காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக நின்றுவிடுகிறது. சின்ன வயதிலிருந்தே நான் பார்த்துப் பழகிய விஷயம்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். எஃப்ளோரசன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கே 'பூத்து வெளிவருதல்' என்றுதான் பொருள். லத்தீன் பேசியவனுக்கும் எங்கள் ஊர் மேஸ்திரிக்கும் ஒரே சுவரில் ஒரே பூ தெரிந்திருக்கிறது!

அன்று பிடித்த ஆசை, இன்றும் விடவில்லை. ஃப்ளவர் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மாவைக் குறிக்கும் ஃப்ளோர் என்பதும் அதே சொல்தான். அரைத்ததில் மிக நயமான பாகம், அதாவது தானியத்தின் 'பூ', என்ற பொருளில் வழங்கிப் பிறகு எழுத்து மாறிப் பிரிந்துவிட்டது. நாம் தேங்காய்த் துருவலைத் தேங்காய்ப்பூ என்பதில்லையா, அந்த மாதிரி. பிளாசம் என்பது பெரும்பாலும் மரத்துப் பூவுக்கு, அதிலும் பழமரத்துப் பூவுக்கு. காப்பித் தோட்டக்காரர்கள் மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையைப் பிளாசம் ஷவர் என்பார்கள். புளூம் என்பது பூ முழுதாய் விரிந்த செழிப்பான நிலை. ஏரித் தண்ணீரில் பாசி திடீரென்று பெருகிப் பச்சையாய்ப் படர்வதற்கும் அதே சொல். எல்லாம் பூதான். ஆனால் ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று பொருந்தாது. 10 மி.மீ. போல்ட் போட வேண்டிய துளையில் 12 மி.மீ. போல்ட் நுழையுமா? சொல்லும் அப்படித்தான்.

தமிழில் இந்த அளவுக் கணக்கு இன்னும் நுட்பம். தோன்றும்போது அரும்பு, பிறகு மொட்டு, வெடிக்கப் போகிற நேரத்தில் முகை, விரிந்தால் மலர், நன்றாக அகன்று விரிந்தால் அலர், உதிர்ந்தால் வீ, வாடி நிறம் மாறினால் செம்மல். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். ஒரு செங்கல்லில் உப்புப் பூத்திருப்பதை ஐ.எஸ். 3495 தரநிர்ணயம் இல்லை, சிறிது, மிதம், அதிகம், கடுமை என்று ஐந்தாகப் பிரிக்கிறது. நம் முன்னோர் ஒரு பூவின் வாழ்க்கையை ஏழாகப் பிரித்திருக்கிறார்கள். இப்போது நாம் என்ன செய்கிறோம்? மொட்டோ மலரோ, வாயில் வருவது 'பூ' ஒன்றுதான். கையில் ஏழு ஸ்பேனர் இருந்தும் ஒன்றையே வைத்துத் திருகிக் கொண்டிருக்கிறோம்!

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். புரியாத ஆங்கிலச் சொல் வந்தால் பயந்துவிடாதீர்கள். அது எந்தப் பொருளைச் சொல்கிறது என்று முதலில் தேடுங்கள். அது உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கக்கூடும். ஆனால் அதோடு நின்றுவிடாமல் ஆங்கிலச் சொல்லையும் கற்றுக்கொள்ளுங்கள். தேர்வாளர் உங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க வரமாட்டார்!

எங்கள் மலையில் காப்பிச் செடி வறட்சிக் காலம் முழுக்க மொட்டை மூடியே வைத்திருக்கும். பார்த்தால் பட்டுப்போனது போல இருக்கும். ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாய்ப் பூத்து மல்லிகை போல மணக்கும். வகுப்பில் வாய் திறக்காத மாணவனைப் பார்க்கும்போது, ஆசிரியப் பெருமக்கள் தயவுசெய்து அந்தச் செடியை நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இங்கே மழையாக வந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஓய்வு பெற்ற சிலர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்காக ஒரு சொல் மிச்சம் வைத்திருக்கிறேன். வாடிய பூவுக்குச் செம்மல் என்று பெயர் சொன்னேன் அல்லவா? பெருமைக்குரிய மனிதரையும் தமிழ் செம்மல் என்றே அழைக்கிறது. எம்.ஜி.ஆரைப் பொன்மனச் செம்மல் என்றது உங்களுக்குத் தெரியும். பூத்து முடித்த பூவுக்கும் பெரியவருக்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது.

இந்த உரையை அச்சிடப் போகும் புத்தகத்துக்கும் மலர் என்றுதான் பெயர். பத்திரிகைகளில் மலர் இத்தனை, இதழ் இத்தனை என்று போடுவார்கள். நாம் எல்லோரும் ஆளுக்கொரு இதழ். சேர்ந்திருந்தால்தான் மலர்.