மறுமொழி எழுதும் வாசகர்



ஆண்டு விழாதோறும் மலர் வெளியிடுதல் நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். மலர் கைக்கு வந்ததும் நாம் செய்வது யாது? நம் குழந்தையின் நடனப் படம் எப்பக்கத்தில் உள்ளது என்று தேடுகிறோம். பின்னர் அதனை அலமாரியில் வைத்து மூடிவிடுகிறோம். கட்டுரை எழுதியவரோ, தம் எழுத்தை ஒருவரேனும் படித்தாரா என்று அறியாமலேயே அடுத்த ஆண்டும் எழுதுகிறார். நாமும் இத்தவற்றினின்று நீங்கியவர்கள் அல்லோம். ஆதலின், இது குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இதழ் ஒன்று வாசகர் கூட்டத்தை எவ்வாறு உண்டாக்கும் என்பதற்குத் தமிழிலேயே நற்சான்று உண்டு. 1959 சனவரியில், சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கினார். பெரும் பொருளோ, பெரும் விற்பனையோ அதற்கு இல்லை. ஆயினும் படித்தவர்கள் எழுதிய மறுமொழிகளை அவர் மதித்தார். இலங்கைத் திரிகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்னும் இளைஞர் எழுதினார். ஒரிசாவின் ஹிராகுட்டிலும், பின்னர் வடக்கேயும் உத்தியோகம் பார்த்த வெங்கட் சாமிநாதனும் எழுதினார். நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்தவர் அவர். தொலைவில் இருந்த அவ்வாசகரே பின்னாளில் தமிழின் பெயர்பெற்ற விமர்சகர் ஆனார்.

இதழில் கருத்து மோதலும் நிகழ்ந்தது. விமர்சனம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில் க. நா. சுப்ரமண்யமும் செல்லப்பாவும் வேறுபட்டவர்கள். எனினும் க. நா. சு.வின் எழுத்துக்கு அங்கே இடமிருந்தது. இவ்வாறு கூடிய கவிஞர்கள் 24 பேரின் 63 கவிதைகள், 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுதியாக வெளிவந்தன. இதழ் 1970-இல் நின்றது; அது சேர்த்த கூட்டமோ தமிழ் இலக்கியத்தில் நிலைத்தது.

நாம் வாழும் இந்நகரமும் இதனையே கற்பிக்கின்றது. வங்காளிகள் ‘அட்டா’ என்று போற்றும் கூடிப் பேசும் வழக்கத்தைக் கல்லூரித் தெருக் காப்பி மாளிகையில் இன்றும் காணலாம். படித்ததைப் பேசாமல் அவர்களால் இருக்க இயலாது. அத்தெருவின் அருகே, டேமர் சந்தில், சந்தீப் தத்தர் என்னும் அன்பர் 1978-இல் தம் இல்லத்திலேயே சிற்றிதழ் நூலகம் ஒன்றை நிறுவினார். பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய இதழ்களை அவர் செல்வமாகக் காத்தார். நம் மலர்களைக் காப்பதற்கு நம்மிடையே யார் இருக்கின்றார்?

இக்கேள்வி வீண் கேள்வியன்று. நம் மக்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியிலோ ஆங்கிலமும் வங்காளமும் இந்தியும் கற்கின்றனர். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவோர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். படிப்பதற்கு ஒரு காரணம் கிட்டாவிடில், நம் பேரர் காலத்தில் மலர் வெறும் படத் தொகுப்பாகிவிடும். தம் பெயரால் ஒரு கடிதம் அச்சேறும் என்பதினும் சிறந்த காரணம் சிறுவர்க்கு வேறுண்டோ?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். இம்மலரில் ஒரு கட்டுரையையேனும் குடும்பத்துடன் உரக்கப் படியுங்கள். அது குறித்துப் பத்து வரி சங்கத்துக்கு எழுதுங்கள். எழுத அறியாச் சிறுவர் சொல்ல, பாட்டியோ தாத்தாவோ எழுதித் தரலாம். அடுத்த மலரில் அக்கடிதங்களுக்கெனச் சில பக்கங்களைச் செயற்குழுவினர் ஒதுக்கித் தருவாராக.

“மறுத்து எழுதினால் மனத்தாங்கல் விளையாதா?” என்று சிலர் ஐயுறலாம். எழுத்தை மறுக்கலாம், எழுதியவரை இகழலாகாது என்னும் ஒரு விதி போதும். மறுப்பும் ஒருவர் நம் எழுத்தைப் படித்தார் என்பதன் அடையாளமே அன்றோ?

இவ்வுரையும் மலரில் அச்சாகும் என்கின்றனர். இதனை மறுத்து வரும் முதற் கடிதத்தை மகிழ்வுடன் எதிர்நோக்குகின்றோம்.