கொன்றவன் யார் என்று முதலிலேயே சொல்லிவிடும் நாவல்: பூமணியின் ‘வெக்கை’



இந்த அறக்கட்டளை நிகழ்ச்சியில் தென்மாவட்டக் குடும்பக் கதையொன்றை, அதிலும் மர்மமும் விறுவிறுப்பும் கொண்ட ஒன்றை எடுத்துப் பேசுங்கள் என்றார்கள். மணியாச்சியில் நின்றுகொண்டு கொலையைப் பற்றிப் பேசினால் 1911 ஜூன் 17 நினைவுக்கு வராமல் போகாது. ரயில் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த நெல்லை கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அதே நிலையத்தில் தம்மையும் சுட்டுக்கொண்டார். சுட்டது யார் என்பதில் அன்றைக்கே எவருக்கும் ஐயமில்லை. சட்டைப் பையில் கடிதமே இருந்தது. அதற்குப் பிறகுதான் விசாரணை தொடங்கியது. யாரோடு பழகினார், எங்கே கூடினார்கள், எந்தக் கோபம் அவரை இந்த நடைமேடைவரை கொண்டுவந்தது என்று தோண்டிக்கொண்டே போனார்கள். அவரோடு தொடர்புடைய நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்டவர்கள்மீது வழக்கு நடந்தது.

பூமணி 1982இல் எழுதிய ‘வெக்கை’யும் இப்படித்தான் தொடங்குகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையை மட்டும் வாங்கிவிட வேண்டும் என்றுதான் போனான், ஆள் செத்துப்போகிறான். முதல் பக்கத்திலேயே இது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வழக்கமான துப்பறியும் கதை கடைசி அத்தியாயத்துக்காகப் பொத்திவைத்திருக்கும் சேதியைப் பூமணி தொடக்கத்திலேயே அவிழ்த்துக் கொட்டிவிடுகிறார். அப்புறமும் நாவலைக் கீழே வைக்க முடியவில்லை. ஏன்?

ஒரு குடும்பம் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. வெட்டிய அன்று இரவே குடும்பம் பிரிகிறது. ஆத்தாவும் தங்கச்சியும் ஒரு பக்கம்; அய்யாவும் மகனும் காட்டுப் பக்கம். கொஞ்சம் நிலம் இருந்தது, அதன்மேல் வடக்கூரானுக்குக் கண் இருந்தது, எதிர்த்து நின்ற மூத்தவன் செத்தான், சட்டம் அசையவில்லை. இவ்வளவையும் பூமணி ஒரே மூச்சில் சொல்வதில்லை. நடக்கும்போது கொஞ்சம், படுக்கும்போது கொஞ்சம் என்று அப்பனும் மகனும் பேசும் பேச்சில் கசிய விடுகிறார்.

அந்தப் பேச்சைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையை அய்யா அடிக்கவில்லை. தோளில் தட்டிக் கொடுக்கவும் இல்லை. பசிக்கிறதா, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த வழியில் ஆள் நடமாட்டம் இருக்காது என்றுதான் அவருடைய கவலை ஓடுகிறது. போலீசும் பகையாளியும் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் மறைவாக அடுப்புக் கூட்டிச் சமைக்கிறார்கள். புகை தெரிந்துவிடுமோ என்ற பயம் வாசிப்பவரையும் பற்றிக்கொள்கிறது. துரத்தல் காட்சி எதுவும் தராத பதற்றத்தை ஒரு வேளைச் சோறு தருகிறது. இதற்கிடையே மரமும் செடியும் பாறையும் சுனையும் பையனுக்குப் பழக்கமாகின்றன. அய்யா தன் மகனை அந்தச் சில நாட்களில்தான் அருகில் வைத்துப் பார்க்கிறார், பையனும் அப்படித்தான். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள்.

பூமணி 1947இல் கோவில்பட்டி அருகே ஆண்டிபட்டியில் பிறந்தவர். இயற்பெயர் மாணிக்கவாசகம். கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் உழுது வைத்த நிலத்தில் இவர் வேறு விதை போட்டார். முதல் நாவல் ‘பிறகு’ 1979இல் வந்தது; செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை அது. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைத் தொட்டு விரியும் ‘அஞ்ஞாடி’ 2012இல் வந்து, 2014க்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. ‘கருவேலம் பூக்கள்’ என்ற படத்தையும் இவரே இயக்கினார். தலித் எழுத்தாளர் என்ற முத்திரையை இவர் ஏற்றுக்கொண்டதில்லை.

‘வெக்கை’யில் சாதிப் பெயர் சொல்லிப் பூமணி எவரையும் அடையாளம் காட்டுவதில்லை. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பலமாகவே படுகிறது. கரிசலில் பிறந்த வாசகனுக்கு யார் யாரென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூர்க்காரனோ பெயரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட முடியாமல் அந்த அப்பனோடும் மகனோடும் நடந்தே ஆக வேண்டும். இன்னொரு கொலைக் கதையோடு ஒப்பிட்டால் இந்த நாவலின் நியாயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்கத் தெற்கை எழுதிய வில்லியம் ஃபாக்னர், 1948இல் வந்த ‘இன்ட்ரூடர் இன் த டஸ்ட்’ நாவலில், பொய்க் கொலைப்பழி சுமந்த கறுப்பினப் பெரியவரைக் காப்பாற்ற ஒரு வெள்ளைக்காரச் சிறுவனை நள்ளிரவில் கல்லறை தோண்ட வைத்தார். அங்கே உண்மையைத் தோண்டி எடுத்தால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை மிச்சமிருக்கிறது. இங்கே உண்மை ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால்தான் ஒரு பிள்ளை அரிவாளை எடுக்கிறான்.

2019இல் வெற்றிமாறன் ‘வெக்கை’யை ‘அசுரன்’ என்ற படமாக்கினார். தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது, தெலுங்கிலும் ‘நாரப்பா’வாகப் போனது. படம் பஞ்சமி நிலத்தை வெளிப்படையாகப் பேசியது. தந்தைக்கு நெருப்பில் வெந்த ஒரு கடந்த காலத்தையும் சேர்த்தது. அது தேவையான அரசியல், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் சண்டைக் காட்சிகள் பெருத்ததில் அடுப்பங்கரைப் பேச்சு சுருங்கிப்போயிற்று. நாவலின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. என். கல்யாண்ராமன் ஆங்கிலத்தில் கொண்டுபோன பிறகு வெளி மாநிலத்தவரும் இதைப் படிக்கிறார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்தின் வயது. நம் ஊர்களில் அரிவாளைப் பெருமையாகப் பேசும் பேச்சு அவர்கள் காதில் தினமும் விழுகிறது. அந்தப் பெருமைக்குப் பிறகு ஒரு வீடு எத்தனை துண்டாகிறது என்று இந்த நாவல் காட்டுகிறது. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ‘அசுரன்’ பார்த்த பிள்ளைகள் கையில் ‘வெக்கை’யைக் கொடுங்கள். பள்ளி நூலகத்தில் இல்லையென்றால் இந்த மாதமே வாங்கி வையுங்கள்.