ஆற்றைக் கடக்க எத்தனை வழி?

(தியாகதுருகம் வட்டார ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். பிள்ளைகள் இரவெல்லாம் செல்போனில் சுடும் விளையாட்டு அல்ல இது. ஒரு பயிற்சி ஆசிரியர் தன் வரலாற்று வகுப்புக்காக உருவாக்கிய விளையாட்டு. பெயர் ‘ஓரிகன் டிரெயில்’.

1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிச் என்ற கல்லூரி மாணவர், நம் பி.எட். மாணவர்களைப் போலக் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குச் சென்றார். எட்டாம் வகுப்பு. மக்கள் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த பாடம். உடன் தங்கியிருந்த பில் ஹெய்ன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணிதம் நடத்த வந்த பயிற்சி ஆசிரியர்கள். மூவரும் சேர்ந்து இரண்டு வாரத்தில் விளையாட்டை முடித்தார்கள். அன்று திரை கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப்பில் கேள்வி அச்சாகி வரும், மாணவர் பதிலைத் தட்ட வேண்டும்.

பருவம் முடிந்ததும் ராவிச் நிரலைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு கணினியிலிருந்து அழித்துவிட்டார். 1974இல் மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பில் சேர்ந்தபோது, அந்தத் தாளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார். அதோடு நிற்கவில்லை. அந்தப் பாதையில் உண்மையாகப் பயணம் செய்தவர்களின் நாட்குறிப்புகளைப் படித்தார். நோய், மழை, வண்டி உடைவது போன்றவை எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்று பார்த்து விளையாட்டைத் திருத்தினார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

நான் பி.எட். முடித்த காலத்தில் ஒரு கணினி மையத்தில் இதன் பிந்தைய வடிவத்தை விளையாடியிருக்கிறேன். இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே விளையாடலாம். சென்ற ஆண்டு எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் எட்டாம் வகுப்போடு சேர்ந்து மீண்டும் விளையாடினேன். ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

ஆண்டு 1848. தூரம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். முதல் கேள்வி, நீ யார்? வங்கிக்காரர் என்றால் கையில் 1,600 டாலர், தச்சர் என்றால் 800, விவசாயி என்றால் 400. ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தால் விவசாயிக்கு மதிப்பெண் மூன்று மடங்கு. “கஷ்டப்பட்டா போனஸா சார்? எங்கப்பாவுக்கு யாரும் குடுக்கலியே” என்றான் ஒரு பையன். அன்றைய பாடவேளை அதிலேயே போயிற்று. போகட்டும், நல்ல பாடவேளைதான்.

அடுத்து ஆறு. தண்ணீரின் ஆழத்தைச் சொல்லிவிட்டு விளையாட்டு கேட்கும்: இறங்கி நடப்பாயா, வண்டியை அடைத்து மிதக்கவிடுவாயா, காசு கொடுத்துப் படகில் ஏறுவாயா, காத்திருப்பாயா? மணிமுத்தாற்றங்கரைப் பிள்ளைகள் அல்லவா, ஆளுக்கொரு யோசனை. ஒரு குழு அவசரப்பட்டு இறங்கி இரண்டு மாடுகளை இழந்தது. அடுத்த ஆற்றில் அதே குழு நான்கு நாள் பொறுமையாகக் காத்திருந்தது. ‘முன்யோசனை’ என்ற சொல்லை நான் விளக்கவே இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி கடைசியில் கேட்டாள்: “இவங்க போற ஊர்ல முன்னாடியே இருந்தவங்க என்ன ஆனாங்க சார்?” இருபது வருடம் முன்பு விளையாடியபோது எனக்குத் தோன்றாத கேள்வி. பழைய வடிவத்தில் அந்த மண்ணின் பழங்குடியினர் வழியில் எதிர்ப்படுவார்கள், உதவுவார்கள், அவ்வளவுதான். முடிவெடுப்பது எப்போதும் வண்டிக்காரர்கள். 2021இல் வந்த புதிய வடிவத்துக்குப் பழங்குடி வரலாற்று அறிஞர்கள் மூவரிடம் ஆலோசனை கேட்டுத்தான் இதைச் சரிசெய்ய முயன்றார்கள். அதற்கு 50 ஆண்டுகள் ஆயின. எங்கள் மாணவிக்கு மூன்று பாடவேளை போதுமாயிருந்தது.

அதனால்தான் நம் ஊருக்கு ஒரு விளையாட்டு செய்வோம் என்றேன். கணினி வேண்டாம், பழைய நாட்காட்டி அட்டை போதும். ராவிச் நாட்குறிப்பைப் படித்தார், நம் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்தார்கள். 1976 வரை மலை ஜாகீர்தார்களிடம் இருந்ததையும், கூலியில்லாமல் உழைத்ததையும் ஒரு பாட்டி சொல்ல, அது மூன்று அட்டைகள் ஆயிற்று. கரும்பு வெட்டு, பெங்களூரு கட்டட வேலை, வெள்ளிமலைப் பாதையில் மழை என்று மொத்தம் 41 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிலைமை, கீழே குறைந்தது இரண்டு வழிகள். இது விதி.

ஓர் அட்டையில் மட்டும் ஒரே வழி இருந்தது. ‘அப்பா அம்மா வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நீயும் போகிறாய்.’

“இன்னொரு வழி எழுதலையேம்மா?”

“எங்க வீட்டுல அவ்வளவுதான் சார்.”

பொங்கலுக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரப்போவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைமையாசிரியரும் நானும் அந்த வீட்டுக்கு இரண்டு முறை போனோம். விடுதிக் காப்பாளரிடம் பேசினோம். தம்பிக்கு அத்தை வீட்டில் இடம் கிடைத்தது. அட்டையின் இரண்டாவது வரியை அதன் பிறகு அவளே எழுதினாள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள்.

அட்டைகளைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் விளையாடிப் பாருங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடமும் எழுதச் சொல்லுங்கள். ஒரே வழி உள்ள அட்டை வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.