பாலர் வகுப்பும் வீட்டு அடுக்களையும்

பாலர் வகுப்பிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் முதலிற் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே. "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்பது அது. பிள்ளை விழிக்கின்றது. அன்று காலை அது வட்டமாயிருந்து பாட்டுப் பாடியது. மணலிற் கோடு கீறியது. குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் வார்த்தது. ஊஞ்சலுக்காகத் தன் முறை வருமட்டும் காத்து நின்றது. எழுதியது மட்டும் ஒன்றுமில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்த தாய், "ஒன்றுமே படிப்பிக்கவில்லை" என்று முடிவு செய்கிறாள். மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளையை இருத்தி, 'அ' எழுத்தை இருபது முறை எழுதுவிக்கிறாள். பிள்ளை அழுகின்றது. வகுப்பிற் கற்றதை வீட்டிற் பயிற்றுவதாக அந்தத் தாய் நம்புகிறாள். உண்மையில் வகுப்பிற் கற்றது ஒன்று. வீட்டிற் பயிற்றப்படுவது முற்றும் வேறொன்று.

இந்நாட்டிலே பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்த பின்னரே முதலாந் தரக் கல்வி தொடங்குகின்றது. அதற்கு முந்திய ஓரிரண்டு ஆண்டுகளே பாலர் வகுப்புக்குரியவை. அவ்வாண்டுகளில் எழுத்தறிவு கைவந்துவிட வேண்டுமென்று கல்வியறிஞர் எவரும் விதித்திலர். கை, கண், செவி, நா என்பன ஒன்றோடொன்று இணங்கித் தொழிற்படப் பழகுவதும், தாயல்லாத ஒருவரின் சொற்கேட்டு நடக்கப் பழகுவதும், பிற பிள்ளைகளோடு பொருளைப் பகிர்ந்து கொள்ளப் பழகுவதுமே அங்கு நிகழும் கல்வி. பார்ப்பதற்கு இது விளையாட்டுப்போலத் தோன்றும். தோன்றினாற் குற்றமில்லை.

பாலர் கல்விக்கு வழிவகுத்த ஜேர்மன் நாட்டுப் பேராசான் புரோபெல் என்பார், 1837ஆம் ஆண்டிலே பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரிற் சிறுவர்க்கான நிலையமொன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்காட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். பந்து, கனவுரு, உருளை முதலியவற்றை விளையாட்டுப் பொருளாகக் கொடுத்துப் பிள்ளைகளைப் பயிற்றியவர் அவர் என்பது பலரும் அறிந்தது. ஆனால் 1844இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலைப் பலர் அறியார். அது ஆசிரியருக்கென எழுதிய நூலன்று. வீட்டிலே மடியில் வைத்துக் குழந்தையைச் சீராட்டும் தாய்மாருக்கென ஆக்கிய பாட்டுகளும் விரல் விளையாட்டுகளும் கொண்டது. தோட்டத்தில் நட்ட செடிக்கு வீட்டிலும் நீர் வார்க்கவேண்டும் என்பது அப்பெரியாருக்கு நன்கு தெரிந்திருந்தது.

இத்தாலி நாட்டு மருத்துவ மாதாகிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், உரோமாபுரியின் ஏழைமக்கள் வாழ்ந்த சான் லொறென்சோப் பகுதியிலே தமது முதலாவது 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அவ்வில்லம் அம்மக்கள் குடியிருந்த அடுக்குவீட்டுக் கட்டடத்தினுள்ளேயே அமைந்திருந்தது. பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு படிக்கட்டே தூரம். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை அம்மையாரே எழுதியிருக்கிறார். மூக்கை எவ்வாறு துடைப்பது என்று ஒருநாள் அவர் பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி எடுப்பது, பிறர் கவனியாதபடி ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று மெல்லச் செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் குழந்தைகள் அனைவரும் கைதட்டி ஆரவாரித்தனர். அவர் வியந்து சிந்தித்துக் கண்ட காரணம் இது: மூக்கைப் பற்றி அப்பிள்ளைகள் நாளெல்லாம் ஏச்சுக் கேட்டவர்கள், துடைப்பது எப்படி என்று அவர்களுக்கு அதுவரை ஒருவரும் காட்டிக் கொடுத்ததில்லை.

நம் வீடுகளிலும் இதுதானே வழக்கம்? "கையைக் கழுவு" என்று பத்து முறை சொல்கிறோம். புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வரிசையாகக் கழுவிக் காட்டுபவள் பாலர் வகுப்பு ஆசிரியை. பிள்ளை அதைப் பழகிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வீட்டிலோ நீர்க்குழாய் எட்டாத உயரத்தில். சவர்க்காரம் அதற்கும் மேலே. அவசரத்தில் தாயே பிள்ளையின் கையைப் பிடித்துக் கழுவி விடுகிறாள். பொத்தான் பூட்டுவதும் செருப்பு மாட்டுவதும் இவ்வாறே. கைத்தொலைபேசித் திரையை விரலால் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குத் தன் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியாமற் போவது இக்காலத்துப் புதுமை. ஒரு சிறு பலகைக்கட்டையைக் குழாயடியிற் போட்டு, ஐந்து நிமிடம் பொறுத்திருந்தாற் போதும். பொறுமைதான் விலையுயர்ந்த பொருள்.

இனி, எழுத்துக்கு வருவோம். 'ஆனா, ஆவன்னா' என்று தொடங்குவதே முறையென்பது பாட்டனாரின் துணிபு. நாவாற் சொல்வதற்கு அந்த வரிசை மிகவும் நல்லது. கையால் எழுதுவதற்கோ 'அ' கடினமான எழுத்துகளுள் ஒன்று. சுழித்து, வளைத்து, இழுத்து, பின் நேரே கோடிடவேண்டும். 'இ' அதனினும் கடினம். 'ட' என்பதற்கு ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடும் போதும். 'ப' என்பதற்கு மேலும் ஒரு கோடு. ஆதலினாலேயே பயிற்றப்பட்ட ஆசிரியைகள் ட, ப, ம என்று எளிய எழுத்துகளில் தொடங்கி, 'படம்', 'பட்டம்' என்று பொருளுள்ள சொற்களுக்குப் பிள்ளையை விரைவில் அழைத்துச் செல்கின்றனர். இதை அறியாத வீட்டார், "நாலு மாதமாகியும் ஆனா தெரியவில்லை" என்று கவலைப்படுகின்றனர். தமிழெழுத்து 247 என்ற எண் அவர்கள் கண்முன் மலைபோல் நிற்கின்றது.

பென்சிலைப் பற்றுமுன் விரல்களுக்கு வலிமை வேண்டும். அவ்வலிமை கொப்பியில் வருவதன்று. மாவுருண்டை பிடித்தல், பயற்றங்காய் முறித்தல், பூக்கோத்தல், ஈரத்துணி பிழிதல் என்பனவெல்லாம் விரலுக்குப் பயிற்சி. எழுத்தின் வடிவை விரலால் தடவி உணர்வதற்கு மொண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டுவித்தார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு நெடுங்காலம் முன்னரே மணலில் விரலால் எழுதினர். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பதும் அதுவே. ஒருநாட் சடங்காக அதனை நிறுத்திவிட்டு, மறுநாளே பென்சிலைத் திணிப்பதுதான் விளங்கவில்லை. முற்றத்து மணலுக்கு விலையில்லை. அழிப்பதற்கு இறப்பரும் வேண்டியதில்லை.

எண்ணின் கதையும் இத்தகையதே. ஐம்பது வரை ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "நாலு செத்தல் மிளகாய் எடுத்து வா" என்றால் ஒரு பிடி அள்ளி வருவதுண்டு. அதற்கு எண்ணின் பெயர் தெரியும், எண் தெரியாது. வகுப்பிலே புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணக் கற்ற பிள்ளைக்கு, அதனைப் பயில அடுக்களையைவிடச் சிறந்த இடமில்லை. வீட்டில் ஐவர், கோப்பைகள் எத்தனை? விருந்தினர் ஒருவர் வந்தார், இன்னும் எத்தனை? ஒன்பது கொழுக்கட்டையை மூவர்க்குப் பங்கிடுவது எப்படி? அக்காமாரோடு கொக்கான் ஆடும் சிறுமி, எறிந்ததையும் எடுத்ததையும் கணக்குப் பார்க்கிறாள். அதை வீண்பொழுதென்று ஏசி எழுப்பி, கூட்டற் கணக்குக் கொப்பியின் முன் இருத்துவது விந்தையே.

பேச்சைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். "எங்கள் வீடு" என்று வகுப்பிற் சொல்லப் பழகிய பிள்ளை, வீட்டில் "எங்கட வீடு" என்றே கேட்கின்றது. சில வீடுகளிற் பிள்ளையின் புத்தகத் தமிழைக் கேட்டுச் சிரிக்கின்றனர். வேறு சில வீடுகளில் அம்மம்மாவின் பேச்சைத் திருத்தும்படி பிள்ளையைத் தூண்டுகின்றனர். இரண்டும் தகாதன. அம்மம்மாவின் வாயிலிருந்து வரும் கதையிலே பிள்ளை பெறும் சொல்வளம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கதையைக் கேட்டு, மறுநாள் வகுப்பிலே தன் நாவால் அதைச் சொல்லும் பிள்ளை, இரு வழக்குக்குமிடையே தானே பாலம் கட்டிக்கொள்கிறது.

இவற்றிலும் நுட்பமானது ஒழுக்கம். ஈகையைப் பற்றிய ஆத்திசூடி அடியைப் பிள்ளை மழலையில் ஒப்புவிக்க, வீட்டார் மகிழ்கின்றனர். அவ்வேளையில் வாயிலில் ஒருவர் வந்து கடன்பணத்தைக் கேட்டு நிற்கிறார். "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு வா" என்று அதே பிள்ளை அனுப்பப்படுகின்றது. அப்பா உள்ளே கதிரையில் இருக்கிறார். ஆசிரியை ஓராண்டு உழைத்துக் கட்டியது அந்த ஒரு நிமிடத்திற் சரிகின்றது. உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள வீட்டிலே, அந்தப் பிடியைப் பிள்ளையின் சிறு கையால் எடுக்கவிட்டால், ஆத்திசூடிக்கு வேறு உரை வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஓய்வுள்ள தாய்மாருக்கே இயலும் எனச் சிலர் கூறக்கூடும். மலைநாட்டிலே விடியுமுன் எழுந்து, பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் தாய் மாலையிற் களைத்து லயத்துக்குத் திரும்புகிறாள். கொப்பியைப் பார்க்க அவளுக்கு நேரமுமில்லை; சிலருக்கு எழுத்தறிவுமில்லை. அவளுக்கே இவ்வகைப் பயிற்சி மிகவும் பொருந்தும். ரொட்டிக்கு மாப் பிசையும்போது ஒரு சிறு உருண்டையைப் பிள்ளையின் கையிற் கொடுக்க எழுத்தறிவு எதற்கு? எழுத்துக் கொப்பியை மட்டுமே வீட்டுவேலையாக அனுப்பும் ஆசிரியை, இத்தகைய தாயை முதல்நாளே தோல்வியுறச் செய்கிறாள்.

ஆசிரியைகளுட் சிலர் இதை உணர்ந்து நடக்கின்றனர். கொப்பிக்குப் பதிலாக ஒரு சிறு வேலையை வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகின்றனர்: "வீட்டிலே எதையாவது எண்ணிக்கொண்டு வா." மறுநாட் காலையிற் பிள்ளைகள் வட்டமாயிருந்து ஒவ்வொருவராகச் சொல்கின்றனர். வேலித் தடி, ஆட்டுக்குட்டி, அப்பாவின் மீன்வலையிற் கட்டிய ஈயக்குண்டு என்று கணக்குகள் வருகின்றன. ஒரு சிறுவன் எழுந்து, தன் வீட்டுக் கோழி எட்டு முட்டை இட்டதென்றும், ஆனால் இப்போது ஏழுதான் என்றும் சொல்கிறான். மற்றொன்று எங்கேயென்று ஆசிரியை கேட்கிறாள். எண்ணும்போது கைதவறி உடைந்துவிட்டது என்கிறான். அம்மா ஏசினாரா என்றால், இல்லை, திரும்பவும் எண்ணச் சொன்னார் என்கிறான்.