டப்பாவைத் திறந்தால் தொட்டில் ஆடுமா?

நடுவர் அவர்களே! வீரமாக முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அடுப்பை அணைத்துவிட்டு நம்மை நம்பி வந்திருக்கிற தாய்மார்களே!

"பிள்ளைக்கு ஏங்கும் ஆணுக்குக் கைகொடுப்பது சத்து மாத்திரையா, சரியான பரிசோதனையா?" இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் பத்து நிமிஷத்திலே முப்பது தடவை மாத்திரை மாத்திரை என்றார். மருந்துக்கடைக்காரர்கூட அவ்வளவு சொல்லமாட்டார்! (சிரிப்பு)

துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்டால் விந்தணு பெருகும் என்றார். ஐயா, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவிலே, குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதிகள். பாதி ஆண்களுக்கு இந்த இரண்டு சத்தும் ஆறு மாதம். மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2020-ல் முடிவு வெளியானது. சத்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 34 வீட்டிலே தொட்டில் ஆடியது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில்? 35! (கைதட்டல்) விந்தணு எண்ணிக்கையிலும் முன்னேற்றம் இல்லை. வயிற்றுக் கோளாறு மட்டும் சத்து சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல்! (சிரிப்பு)

உடம்பிலே சத்துக்குறைவு இருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். குறை என்னவென்றே தெரியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள் என்கிறேன். சிகரெட்டை விடாமல் சத்து மாத்திரை விழுங்கினால் என்ன பிரயோஜனம்? உடம்பை முறுக்கேற்ற ஆண் ஹார்மோன் ஊசி போடுகிற தம்பிகளே, அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்!

நடுவர் அவர்களே, இனி சொல்வது என் வீட்டுக் கதை. கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. ஊசி, ஸ்கேன், விரதம், அரசமரம், எல்லாம் என் மனைவிக்கு. எனக்கு? பாலிலே கலக்க ஒரு டப்பா பவுடர்! ஒரு வருஷம் குடித்தேன். ஏழு கிலோ எடை கூடியது. (சிரிப்பு)

"நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கங்களேன்" என்றாள். "ஆம்பளைக்கு எதுக்குடி டெஸ்ட்?" என்று சத்தம் போட்டேன். அடுத்த மாசம் சொந்தத்திலே ஒரு வளைகாப்பு. வளையல் போட எழுந்தவளை, "நீ அப்படி உட்காரும்மா" என்று ஒதுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் போனேன். விந்தணு குறைவு. விரைப்பையிலே இரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, வேரிகோசில் என்று பெயர் என்றார் டாக்டர். சின்ன அறுவை சிகிச்சை. விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை, மூன்று மாதம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார். அடுத்த வருஷக் கடைசியிலே பெண் குழந்தை பிறந்தது. (கைதட்டல்)

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, குறை இருந்தது என்னிடம். ஒதுக்கி உட்கார வைத்தது அவளை! நான் டப்பாவுக்குப் பின்னாலே ஒளிந்துகொண்டிருந்தேன். குழந்தை தாமதமானால் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போக வேண்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம். அவள் தலைகுனிந்த அந்த நாளை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

ஆகவே, கைகொடுப்பது சரியான பரிசோதனையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)