மரம் சொன்ன சாட்சி

மேலைநாட்டு இசைக்குழுவை மேடையிலோ படத்திலோ கண்ட மாணவர்கள், அதன் ஓரத்தில் ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும் ஒரு பெருங்கருவியைப் பார்த்திருப்பார்கள். வயலின் குடும்பத்தின் பாட்டனார் என்று சொல்லத்தக்க அக்கருவிக்கு டபுள் பேஸ் என்று பெயர். வாசிப்பவர் நின்றுகொண்டோ உயரமான முக்காலியில் அமர்ந்துகொண்டோ அதை அணைத்துப் பிடித்து வில்லிட வேண்டும். அதன் நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. குழுவில் அதன் குரலைத் தனியே கவனிப்பவர் சிலரே. ஆயினும் அது நின்றுவிட்டால், கடைக்கால் இல்லாத வீடுபோல் இசை ஆட்டங்கண்டுவிடும்.

இளமையில் நான் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பட்டறையில், இத்தகைய பழங்கருவிகளைச் செப்பனிடும் தொழிலைச் சில ஆண்டுகள் பயின்றேன். அங்கே நான் செய்த ஒரு பிழையையும், அதனால் கற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். வெனிஸ் நகரத்தில் 1763-இல் பிறந்த டொமெனிக்கோ டிராகொனெட்டி என்னும் இசைவாணர் 1794-இல் லண்டனுக்கு வந்தார். 1846-இல் மறையும்வரை அந்நகரமே அவருக்கு இருப்பிடமாயிற்று. டபுள் பேஸ் வாசிப்பில் அவருக்கு இணையாக ஒருவரும் அக்காலத்தில் இல்லை. அவர் வாசித்த கருவியில் தந்திகள் மூன்றே. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி மூன்று தந்திக் கருவியே வழக்கில் இருந்தது. அந்நாளில் தந்திகள் ஆட்டுக்குடலால் ஆனவை. மிகத் தாழ்ந்த தந்தி தடித்தும் தளர்ந்தும் இருந்தமையால், அதை விலக்கி மற்ற மூன்றையும் உரத்து ஒலிக்கச் செய்வதே மேல் என்று பலர் கருதினர்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் சிறந்த கைவினைஞர்கள் பலர் இருந்தனர். சிசிலித் தீவில் பிறந்து, லண்டனில் 1813-இல் மறைந்த வின்சென்ஸோ பனார்மோ அவர்களுள் ஒருவர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஜான் பிரெடரிக் லாட் மற்றொருவர். மாஞ்செஸ்டர் நகரத்து வில்லியம் டார் டபுள் பேஸ் செய்வதிலேயே பெயர் பெற்றவர். இவர்களுடைய கருவிகளுக்கு இன்றும் மிகுந்த விலை உண்டு. விலை உள்ள இடத்தில் பொய்யும் நுழைவது இயல்பு அல்லவா?

ஒருநாள் முதியவர் ஒருவர் தம் டபுள் பேஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் இசைக்குழுக்களில் வாசித்து ஓய்வு பெற்றவர் அவர். கருவியின் முதுகுப்பலகை நெடுக வெடித்திருந்தது. அதைச் செப்பனிட்டு விற்று, வீட்டுக்கடனை அடைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் முகப்பிலுள்ள துளை வழியே விளக்கைச் செலுத்திப் பார்த்தேன். பழுப்பேறிய பெயர்ச்சீட்டு ஒன்று உள்ளே தெரிந்தது. அதில் பனார்மோ என்னும் பெயரும் லண்டன் என்னும் ஊரும் இருந்தன. என் ஆசிரியர் அப்போது வெளியே சென்றிருந்தார். நானோ அவசரப்பட்டு, "ஐயா, இது பனார்மோவின் கருவியேதான்!" என்று சொல்லிவிட்டேன். முதியவரின் முகம் மலர்ந்ததை இன்றும் நான் மறக்கவில்லை.

ஆசிரியர் வந்ததும் செய்தியைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சீட்டைக் கடைசியில் படி, கருவியை முதலில் படி" என்று மட்டும் சொன்னார். பிறகு நாங்கள் இருவரும் அதைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தோம். தலைப்பகுதியில் ஒரு பழைய துளை மரத்தக்கையால் அடைக்கப்பட்டிருந்தது. மூன்று தந்திக் கருவியாகப் பிறந்து, பின்னாளில் நான்காம் தந்தி பெற்றதற்கு அஃது அடையாளம். தோள்கள் சரிந்திருந்த விதமும் தட்டையான முதுகும் ஆங்கிலப் பட்டறைகளில் வழங்கிய அமைப்பை ஒத்திருந்தன. ஆகவே, கருவி ஆங்கிலக் கருவியே என்பதில் ஐயமில்லை. ஆனால், யாருடையது?

இதற்கு விடை கூற ஒரு சாட்சி இருந்தது. முகப்புப்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளர்கிறது. மழையும் வெயிலும் நன்கு அமைந்த ஆண்டில் வளையம் அகன்றிருக்கும்; வாடிய ஆண்டில் குறுகியிருக்கும். இவ்வாறு அகன்றும் குறுகியும் வரும் வரிசையை அளந்து, காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால், பலகையின் கடைசி வளையம் எந்த ஆண்டில் வளர்ந்தது என்று அறியலாம். கருவி என்று செய்யப்பட்டது என்பதை இம்முறை சொல்லாது. ஆனால் எந்த ஆண்டுக்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை ஐயமறச் சொல்லும். அத்துறை வல்லுநர் ஒருவர் அளந்து அனுப்பிய முடிவைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. பனார்மோ கல்லறைக்குச் சென்ற பின்னரும் அந்த மரம் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தது!

முதியவருக்கு இதை யார் சொல்வது? "நம்பிக்கையை ஊட்டியவன் நீ, உண்மையைச் சொல்ல வேண்டியவனும் நீயே" என்றார் ஆசிரியர். நான் சென்று, என் பிழையை மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாற்பது ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட கருவி அது. பொய் சொன்னது சீட்டுத்தான். கருவி என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதை நன்றாகச் செப்பனிட்டுக் கொடுங்கள்" என்றார்.

செப்பனிடும் வேலை தொடங்கிற்று. பலகை ஏன் வெடித்தது என்பதை நீங்கள் அறிதல் நன்று. ஈரம் வற்றும்போது மரம் தன் நாரோட்டத்தின் குறுக்கே சுருங்கும். நீளவாட்டில் பெரும்பாலும் சுருங்காது. தட்டையான முதுகின் உட்புறத்தே குறுக்குச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றும்போது காற்று உலர்கிறது. பலகை சுருங்க முயல்கிறது, சட்டங்களோ இடங்கொடுப்பதில்லை. இந்தப் போராட்டத்தில் பலகை பிளந்துவிடுகிறது.

பழைய கைவினைஞர்கள் நம் தச்சர்கள் அறிந்த வச்சிரப் பசையையே பயன்படுத்தினர். வெந்நீரும் சூடும் பட்டால் அது இளகிவிடும். ஆகவே, நூறாண்டு கழித்து வருபவனும் கருவியைச் சேதமின்றிப் பிரிக்கலாம். இடைக்காலத்தில் யாரோ ஒருவர் இளகாத செயற்கைப் பசையை வெடிப்பில் நிரப்பியிருந்தார். அதைச் சுரண்டி எடுப்பதற்கே பல வாரங்கள் ஆயின. பின்னர் வெடிப்பை வச்சிரத்தால் இணைத்து, உட்புறத்தில் சிறு மரத்துண்டுகளைத் தாங்கலாக ஒட்டினோம். வார்னிஷைச் சுரண்டிப் புதிதாகப் பூசலாமா என்று கேட்டேன். கைபட்டுத் தேய்ந்த தடமும் கருவியின் வரலாறே என்று ஆசிரியர் தடுத்துவிட்டார். பொய்ச்சீட்டையும் அவர் கிழிக்கவில்லை. அதன் அருகே, நாங்கள் கண்ட உண்மையையும் செய்த வேலையையும் நாளிட்டு எழுதிய ஒரு தாளை ஒட்டினார்.

வேலை முடிந்ததும் முதியவர் வந்து வில்லை எடுத்தார். பெரிய தந்தி உடனே பேசுவதில்லை. வில் அதைப் பொறுமையாக எழுப்ப வேண்டும். தாழ்ந்த சுரம் மெல்ல எழுந்து, பட்டறையின் தரைப்பலகை வழியே எங்கள் கால்களில் அதிர்ந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கே அக்கருவி ஓர் இளம் இசைஞரிடம் சென்றது. முதியவரின் கடனில் ஒரு பகுதி அடைபட்டது, மறுபகுதி நின்றுவிட்டது. வாங்கியவர் ஏமாறவில்லை.

மாணவ நண்பர்களே, ஒரு பொருளைக் கண்டவுடன் அதன்மேல் ஒட்டியுள்ள பெயரைப் படித்து முடிவு கட்டிவிடுவது எளிது. அப்பொருளையே படிப்பதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை அன்று எனக்கு இருந்திருந்தால், ஒரு முதியவர் வீண் நம்பிக்கை கொண்டிருக்கமாட்டார். உங்களுக்கு அது இளமையிலேயே வாய்ப்பதாக.