முதலில் வீடு, பிறகு தண்டவாளம்

(கோபர்கைரனேயில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வேயைத் திருத்தி அமைக்க டில்லியில் கமிட்டிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 2001இல் ராகேஷ் மோகன், 2012இல் சாம் பிட்ரோடா, 2015இல் பிபேக் தேப்ராய் என அறிக்கைமேல் அறிக்கை. தனி ரயில்வே பட்ஜெட்டும் 2017இல் பொது பட்ஜெட்டோடு கலந்துவிட்டது. காகிதத்தில் செய்கிற மாற்றம் இவை. தரையில் புதுப் பாதை போட வரும்போதுதான் சங்கடம். ஏனென்றால் தரையில் இருப்பவர்கள் நாம்!

பம்பாயில் தண்டவாளத்துக்குச் சில அடி தள்கியே ஜோப்படி கட்டி வாழ்ந்தவர்களில் நம்மவர் எத்தனையோ பேர். குழந்தை வாசலைத் தாண்டினால் ரயில். அந்த ஓரங்களில் வண்டிகளும் வேகமாக ஓட முடியாமல் ஊர்ந்தன. ஆக, குடிசையில் இருந்தவனுக்கும் நிம்மதியில்லை, வண்டியில் தொங்கியவனுக்கும் நிம்மதியில்லை. இருவரும் ஒரே வர்க்கம் என்பதை மட்டும் அதிகாரிகள் பார்க்கவில்லை.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹார்பர் பாதையோரம் புல்டோசர் வந்தது. சுமார் 2,000 குடிசைகள் தரைமட்டம். ஆனால் பாதையோர மக்கள் அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தார்கள். 1988இலேயே வீடுவீடாகக் கணக்கெடுத்து, தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பும் கண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர், கோலார் தங்கவயலில் பிறந்த நம் தமிழர் ஜோக்கின் அற்புதம். 1976இல் ஜனதா காலனியிலிருந்து மக்களோடு விரட்டப்பட்டவர், 2000இல் மகசேசே விருது பெற்றவர், 2018இல் மறைந்தார். இடிப்பதை நிறுத்து, மாற்று வீடு கொடு, நாங்களே நகர்கிறோம் என்பதுதான் அந்த மக்களின் பேரம். 2002இல் உலக வங்கிக் கடனோடு நடந்த நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் ரயில் பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய 15,000 குடும்பங்கள் இப்படி இடம்பெயர்ந்தன. தடியடியால் முடியாதது பட்டியலால் முடிந்தது.

அதையும் பொன்னாக நாம் புகழவில்லை. கிடைத்தது 225 சதுர அடி. பலருக்கு வேலை ஓரிடம், வீடு மான்குர்டு, வாஷிநாக்கா பக்கம். தண்ணீர், பள்ளிக்கூடம் என்று புகார்கள் கிளம்பின. கடைக்காரர்கள் உலக வங்கிக்கே மனுப் போட்டார்கள். 2006 மார்ச்சில் வங்கி சாலைக்கும் மறுகுடியமர்வுக்குமான கடனைச் சில மாதம் நிறுத்தியது. சும்மா இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார்களா?

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2004இல் ஓடத் தொடங்கிய தாணே - வாஷி வண்டிதான் நமக்கு உயிர்நாடி. கல்யாண், டோம்பிவிலியிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்கள் தாணேயில் இறங்கி, முண்டியடித்து மாறி ஏறவேண்டும். அந்த அவதி தீரத்தான் ஐரோலி - கல்வா இணைப்புப் பாதை. 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரியில் திகா காவ் நிலையம் மட்டும் திறந்தது. கல்வா பக்கம் ஏறும் பாதை, அங்குள்ள குடிசைகளின் மறுகுடியமர்வில் சிக்கி நின்றது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில், நெரிசலில் தொங்கி வந்தவர்கள் விழுந்து மாண்டார்கள். கூட்டம் குறைய வழி வேண்டாமா?

வேண்டும். ஆனால் "அந்தக் குடிசைக்காரர்களால்தான் தாமதம்" என்று நம் வண்டிகளிலேயே பேச்சு அடிபடுகிறதே, அதை நாம் ஏற்கமாட்டோம். அமைச்சரவை ஒப்புதல் தந்த அன்றே வீடு தேடத் தொடங்கியிருந்தால், பாதையும் வீடும் கைகோத்து வந்திருக்கும்.

மாத பாஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியே மேஜையில் உள்ள மனுவில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். கல்வாவில் யார் யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில் வீட்டுச் சாவி என்று எழுத்தில் அறிவிக்கக் கேட்கிறது அந்த மனு. கல்வா மக்களின் கையெழுத்துக்கும் கீழே இடம் விட்டிருக்கிறோம்.